மின்சார காருக்குக் கோடைக்கால டயர்: ‘ஏ’ எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

“சிக்கனமான டயர் என்றுதானே வாங்கினேன், ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறைந்துவிட்டதே!” மின்சார கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றிய முதல் வாரத்தில் இப்படிப் புலம்புவது உண்டு. பெரும்பாலும் டயர் மேல் குற்றமில்லை, ஒப்பிட்ட விதம்தான் தப்பு. உருளும்போது தரையைத் தொடும் ரப்பர் நசுங்கி நசுங்கி மீள்கிறது. அந்த நசுங்கலில் ஒரு பங்கு ஆற்றல் சூடாக மாறி வீணாகிறது. ரப்பர் தேய்ந்து மெலிந்தால் வீணாவதும் குறையும். பட்டன் (டயர் மேலுள்ள வரிகளின் ஆழம்) 2 மி.மீ. மட்டும் மிஞ்சிய மொட்டை டயரோடு 8 மி.மீ. உள்ள புது டயரை ஒப்பிட்டால் புதியது தோற்கத்தான் செய்யும். புதுசோடு புதுசைத்தான் ஒப்பிட வேண்டும்.

அதற்குத்தான் லேபிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் லேபிள், டயர்களை ஏ (A, சிறந்தது) முதல் இ (E) வரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஆற்றல் சிக்கனத்துக்கு ஒரு எழுத்து, ஈரச் சாலையில் பிடிமானத்துக்கு இன்னொரு எழுத்து. பலரும் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த எழுத்தின் மதிப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் டயரில் ஏ வகுப்பு என்றால், ஒரு டன் சுமைக்கு உருள் எதிர்ப்பு (உருளும் டயர் காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை) 6.5 கிலோ அல்லது அதற்கும் கீழே. சி வகுப்பின் மேல் எல்லை 9 கிலோ. 2 டன் எடையுள்ள காருக்கு வித்தியாசம் 5 கிலோ. 100 கி.மீ. தூரம் இந்த 5 கிலோ விசையை எதிர்த்து ஓடினால் கிட்டத்தட்ட 1.4 யூனிட் மின்சாரம் செலவாகும். 100 கி.மீ.க்கு 18 யூனிட் எடுக்கும் காரில் அது 7, 8 சதவீதம். சின்ன விஷயமில்லை.

ஆனால் பி வகுப்பு 6.6-இல் தொடங்கி 7.7 வரை போகிறது. 6.5 உள்ள ஏ டயருக்கும் 6.6 உள்ள பி டயருக்கும் ரோட்டில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? அந்த ஒரு எழுத்துக்காக ஈரப் பிடிமானத்தில் ஏ-யிலிருந்து சி-க்கு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மழையில் 80 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால், வகுப்பு இறங்க இறங்கக் கார் நிற்கும் தூரம் சில மீட்டர் கூடும். இரண்டிலுமே ஏ வாங்கிய டயர்கள் இருக்கின்றன. கொஞ்சம் தேடினால் கிடைக்கும். தேடும்போது டயரின் பெயரை மட்டும் பார்க்காமல் உங்கள் அளவுக்கான லேபிளையே பாருங்கள், ஏனென்றால் ஒரே மாடலில் அளவு மாறினால் எழுத்தும் மாறலாம்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண்ணை யாரும் கவனிப்பதில்லை. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 300 கிலோ வித்தியாசம். பேட்டரியைச் சுமக்கும் காருக்கு இது விளையாட்டல்ல. அளவு பொருந்துகிறதே என்று குறைந்த எண்ணுள்ள டயரை மாட்டிவிடாதீர்கள். கார் கையேடு எக்ஸ்.எல். (XL) அல்லது எச்.எல். (HL) என்ற கூடுதல் சுமை தாங்கும் டயரைக் கேட்டால் அதையேதான் வாங்க வேண்டும்.

பக்கவாட்டில் ‘ஈ.வி.’ (EV, மின்சார வாகனம்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அந்த எழுத்துக்கென்று லேபிளில் தனி வகுப்பு கிடையாது. நல்ல டயராக இருக்கலாம், ஆனால் அதையும் லேபிளில்தான் சரிபார்க்க வேண்டும். இப்படிப்பட்ட சில டயர்களின் உள்ளே ஒட்டியிருக்கும் நுரை இரைச்சலைக் குறைக்க, சிக்கனத்துக்கு அல்ல.

அழகுக்காகப் பெரிய ரிம்முக்குப் போகிறவர்களும் உண்டு. டயர் அகலமாகும், சக்கரம் கனக்கும், காற்றுத் தடையும் கூடும். அப்புறம் ரேஞ்ச் போச்சே என்று தேடுவார்கள். குளிர்கால டயரை வெயிலிலும் கழற்றாமல் ஓட்டுவதும் அப்படித்தான். மென்மையான ரப்பர், சீக்கிரம் தேயும்.

கடைசியாகக் காற்று. காற்று குறைந்தால் டயர் கூடுதலாக நசுங்கும், லேபிளில் பார்த்துப் பார்த்து வாங்கிய சிக்கனம் அதிலேயே போய்விடும். ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால் கேஜ் உண்மையைவிட அதிகம் காட்டும். வண்டி மணிக்கணக்கில் நின்ற பிறகு, காலையில் கிளம்பும் முன் அளந்து பாருங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும். டயர் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவு அதற்கானதல்ல.