தளர்ந்த கைக்கு வேலை கொடுங்கள்

முதலில் தோள்பட்டை. பக்கவாதத்தில் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து யாரையும் எழுப்பாதீர்கள். தசைகள் தாங்கிப் பிடிக்காத தோள் மூட்டு கீழே இறங்கிவிடும். தோள் வலித்தால் பயிற்சியே நின்றுபோகும். பக்கவாதத்தில் இடது கை தளர்ந்த அப்பாவை நாங்கள் இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்புகிறோம். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை. சட்டை போடும்போது அந்தக் கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

எண்ணெய் தேய்த்தால் கை வந்துவிடும் என்று சொல்லாத உறவினர் இல்லை. தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அசைவைத் திரும்பக் கற்க வேண்டியது மூளை. அவரே முயன்று, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது கற்கும். பத்து தடவை மடக்கி நீட்டுவது போதாது. பிசியோதெரபிஸ்ட் சம்மதித்தால், ஓய்வு விட்டு விட்டு, நூறைத் தாண்டிப் போகலாம்.

எங்கள் வீட்டில் ஒரு காலி எவர்சில்வர் டம்ளர்தான் கருவி. எட்டிப் பிடிக்கணும், தூக்கணும், தள்ளி வைக்கணும், விரலை விடணும். அப்பா உடம்பையே முன்னால் சாய்த்து எட்டப் பார்ப்பார். அதனால் முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்க வேண்டும். அவருக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் லேசாகத் தளரும். மீதியை அவரே விரிக்க வேண்டும். அவசரப்பட்டு நீங்கள் பிரித்துவிடாதீர்கள். டம்ளர் சுலபமானதும் அதில் பாதி தண்ணீர், அப்புறம் கொண்டைக்கடலை பொறுக்குவது.

அசைவே இல்லாத கைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி உதவலாம். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்டு இல்லாமல் போன கையில் தோன்றும் வலிக்காக 1990களில் கொண்டுவந்த முறை இது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. கண்ணாடியை மேஜை நடுவில் நிறுத்தி, தளர்ந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல வேண்டும். மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். பிம்பம் தளர்ந்த கை மாதிரியே தெரிய வேண்டும்.

மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சம் நிமிர ஆரம்பித்துவிட்டதா? நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையையே வேலை செய்யவைக்கும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் இப்படிப் பயிற்சி செய்தவர்களின் கை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்தும் அந்தப் பலன் இருந்தது. ஆனால் நடக்கும்போதும் அடுப்பருகிலும் உறை வேண்டாம். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்த ஒரு கைதான் இருக்கிறது.