தனாக்கா சுண்ணாம்பு மாதிரி தெரிந்தால்

யாங்கோனில் தாமுவே பக்கம் எங்கள் வீடு. போன மாதம் 43 அங்குல டிவி ஒன்று வாங்கினோம். நான் உட்கார்ந்து படத்தைச் சரிசெய்து வைப்பேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பழையபடி கண்ணைக் குத்தும். கரண்ட் போய்ப் போய் வருவதால் டிவி மறந்துவிடுகிறது என்று நினைத்தேன். நான்காம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. மாட்ட வந்த பையன், முதன்முதலில் வரும் ‘வீடா, கடையா’ என்ற கேள்விக்குக் கடை என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறான். கடை மோடில் இருந்தால், நாம் எதை மாற்றினாலும் டிவி தானாகவே பளபளப்புக்குத் திரும்பிவிடும். அதனால் எதையும் தொடுமுன் ஹோம் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பிக்சர் மோட். விவிட், டைனமிக் எல்லாம் கடை வெளிச்சத்தில், பக்கத்து டிவிகளை மிஞ்சுவதற்காக வைத்தவை. மூவி, சினிமா, ஃபிலிம்மேக்கர் இவற்றில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். கலர் டெம்பரேச்சரை வார்முக்கு மாற்றுங்கள். படம் தயாரிப்பவர்கள் வெள்ளை என்று வைத்துக்கொள்ளும் 6500 கெல்வினுக்கு அதுதான் கிட்டத்தில் வரும். எனக்கு அளவுகோல் தனாக்கா, பர்மியர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து. பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் தினமும் பார்க்கிற சந்தன நிறம், பர்மிய நாடகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரிந்தால் படத்தில் நீலம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

வார்முக்கு மாற்றிய அன்று அம்மா, “ஏன்டா, எல்லாரும் மஞ்சள் பூசிக் குளிச்சிருக்காங்களா?” என்றார். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு சும்மா பழைய மோடைப் போட்டேன். “முகமெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கே, மாத்துடா!” என்று அவரே சொல்லிவிட்டார். கண் பழக நாளாகும்.

பிரைட்னஸ் என்பது பல டிவிகளில் வெளிச்சம் அல்ல, கறுப்பின் அளவு. இருட்டுக் காட்சியில் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒன்றாகிப்போனால் ஒரு புள்ளி ஏற்றுங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்தால் இறக்குங்கள். காண்ட்ராஸ்டுக்கு வெள்ளை வேட்டியைப் பாருங்கள், மடிப்பு தெரிய வேண்டும். வெளிச்சத்துக்கு பேக்லைட். பகலில் ஏற்றி, ராத்திரி இறக்கிக்கொள்ளலாம். டிவியில் மின்சாரத்தை அதிகம் தின்பதும் இதுதான். பேட்டரியில் ஓடும்போது பாதியாகக் குறைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் சீரியல் பார்க்கலாம்.

ஷார்ப்னஸைக் கூட்டினால் படம் தெளியும் என்று நம்பாதீர்கள். சப்டைட்டில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு மறையும்வரை இறக்கினால் போதும்.

மோஷன் ஸ்மூத்திங்கை நான் அணைத்துவிட்டேன். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுவது. நடுவில் டிவி தானாகப் படங்களைச் செருகினால் பெரிய படமும் கல்யாண வீடியோ ஆகிவிடுகிறது. ஃபுட்பாலுக்கு வேண்டும் என்று என் பையன் சண்டை போடுகிறான். சரி, ஸ்போர்ட்ஸ் மோடில் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செய்தியில் கீழே ஓடும் எழுத்து பாதி வெட்டுப்பட்டால் பிக்சர் சைஸில் ஸ்க்ரீன் ஃபிட் போடுங்கள். இன்னொன்று: பல டிவிகளில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் செட்டிங் தனி. டிஷ் பெட்டிக்குச் செய்ததையெல்லாம் யூஎஸ்பிக்கும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். எனக்கு யூஎஸ்பி இன்னும் பாக்கி.