முதல் மரக்கிண்ணம்: லேத்தில் கடைவதிலிருந்து எண்ணெய் பூசுவது வரை

கிண்ணம் கடையப் பழக வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்த உளி வாங்கலாம் என்றுதான். உளிக்கு வருவோம். அதற்கு முன்னால் கையிலிருக்கும் மரத்துண்டில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். மரம் வெடிப்பது, உளி மாட்டிக்கொள்வது, தேய்த்துத் தேய்த்தும் சொரசொரப்பு போகாமல் இருப்பது என்று பழகுபவருக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நாரோட்டத்தைக் கவனிக்காததால் வருபவை.

மரத்துண்டு

ஒரு பலகையை மேசைமேல் படுக்க வையுங்கள். நார் இடமிருந்து வலமாக ஓடும். அந்தப் பலகையின் மேல்முகம்தான் கிண்ணத்தின் வாய். இப்படி லேத்தில் மாட்டிச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் உளியின் முன்னால் நாரின் பக்கவாட்டு இரண்டு முறையும், நார் முடியும் வெட்டுமுகம் இரண்டு முறையும் வந்து போகும். பக்கவாட்டில் உளி வழுக்கிக்கொண்டு போகும். வெட்டுமுகத்தை ஒட்டிய அந்த இரண்டு இடங்களில்தான் நார் பிய்யும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இந்த இரண்டு இடங்களும் நம்மோடு வரும்.

மரத்தின் நட்டநடுவே உள்ள நெட்டி துண்டில் இருக்கக் கூடாது. காயும்போது வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். முதல் கிண்ணத்துக்கு நன்றாகக் காய்ந்த, முடிச்சில்லாத துண்டு போதும்: 200 மி.மீ. விட்டம், 75 மி.மீ. கனம். மேப்பிள், செர்ரி, மா எல்லாம் பழக ஏற்றவை. அரளி போன்ற நச்சு மரங்கள் பக்கம் போகவே வேண்டாம். முனைகளை ரம்பத்தால் அறுத்து, துண்டை முடிந்தவரை வட்டமாக்கிக்கொண்டால் லேத் குலுங்காது.

பச்சை மரம் கிடைத்தால் அதற்கு வேறு வழி. முதலில் கனமாகக் கடைந்து வைத்துக்கொள்ள வேண்டும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் என்பது கணக்கு, 200 மி.மீ. கிண்ணத்துக்கு 20 மி.மீ. வெட்டுமுகத்தில் மெழுகு தடவி, காற்றோட்டமான நிழலில் வைத்து, அவ்வப்போது எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. பல மாதங்கள் ஆகலாம். வட்டமாக வைத்தது முட்டை வடிவமாகியிருக்கும், ஏனென்றால் மரம் நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கில்தான் சுருங்கும். அந்த 20 மி.மீ. கனம் இருப்பதால்தான் மறுபடி மாட்டி வட்டமாக்க முடிகிறது.

லேத்தைத் தொடுமுன்

முகம் முழுக்க மறைக்கும் கவசம் அவசியம், வெறும் கண்ணாடி போதாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள், அதனால் தூசி முகமூடியும் வேண்டும். கையுறை, தொங்கும் சட்டைக்கை, மோதிரம், கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. ஸ்விட்ச் போடுமுன் ஒவ்வொரு முறையும் மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் எங்காவது இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் சக்; அதை இறுக்கும் சாவி சக்கிலேயே நிற்கவில்லை என்பதையும் பாருங்கள். லேத் ஓடத் தொடங்கும்போது மரத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

வேகத்துக்கு எளிய கணக்கு உண்டு. அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றுகளையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 8 அங்குலத்துக்கு 750 முதல் 1125 வரை. துண்டு வட்டமாகும்வரை அதிலும் குறைவாக, 500 அளவில் ஓட்டுங்கள்.

உளி

பவுல் கௌஜ் என்கிற ஆழமான குழி உளி ஒன்றும், மேற்பரப்பைச் சுரண்டிச் சீராக்கும் வட்டமுனை ஸ்க்ரேப்பர் ஒன்றும் போதும். உருளை வேலைக்கான ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. கைப்பிடிக்குள் செருகியிருக்கும் அதன் அடிக்கம்பி மெலிந்தது, கிண்ணத்தின் வெட்டுமுகம் வந்து மோதும்போது ஒடிந்து தெறிக்கும்.

சாணை பிடிக்கச் சோம்பல் படாதீர்கள். கூர் இருக்கும்போது சீவல் நீளமான சுருளாக வந்து கைமேல் விழும். மழுங்கிவிட்டால் சுருள் போய்ப் பொடி வரும். பொடி வந்த நிமிடமே லேத்தை நிறுத்திச் சாணைக்குப் போங்கள்.

வெளிப்பக்கம்

கிண்ணத்தின் வாயாகப் போகும் முகத்தில், நடுவில் துளையிட்டு ஸ்க்ரூ சக்கில், அதாவது நடுவில் திருகு உள்ள சக்கில் மாட்டுங்கள். அந்தத் துளை பின்னால் குடைந்து போய்விடும். மறுபக்கம் டெயில்ஸ்டாக்கை, அதாவது லேத்தின் மறுமுனையில் நகரும் தாங்கியைக் கொண்டுவந்து முட்டுக்கொடுங்கள்.

உளியை வைக்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் உளியின் தண்டு டூல் ரெஸ்ட்டில் அமர வேண்டும். அடுத்து, சாணை பிடித்த சரிவின் பின்பகுதி மரத்தில் உரச வேண்டும், அப்போது எதுவும் வெட்டாது. பிறகு கைப்பிடியை மெல்லத் தூக்கினால் கூர் மரத்தைத் தொட்டு வெட்டத் தொடங்கும். குழியின் வாய் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டாம், வெட்டிப் போகும் திசைக்குச் சாய்ந்திருக்கட்டும். வானத்தைப் பார்த்தால் மேல்விளிம்பு மரத்தில் மாட்டி உளியைப் பிடுங்கும்.

தொடக்கத்தில் 'டக் டக்' என்று விட்டுவிட்டு ஓசை வரும், துண்டு இன்னும் வட்டமாகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஓசை இழுத்துவிட்ட மாதிரி ஒரே சீராக மாறும்போது வட்டம் வந்துவிட்டது. இனி வடிவம் கொடுக்கலாம்.

வெளிப்பக்கத்தை எப்போதும் அடியிலிருந்து வாயை நோக்கி, அதாவது சின்ன விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்கு வெட்டுங்கள். அப்படிப் போனால் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் தாங்கி நிற்கும். எதிர்த்திசையில் போனால் தாங்க ஆளில்லாமல் நார் பிய்ந்து வரும்.

அடியில் சக் பிடிக்க ஒரு கழுந்து (குட்டையான வட்டக் குமிழ்) விடுங்கள். விட்டம் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு, உயரம் 6 மி.மீ., பக்கங்கள் உங்கள் சக் தாடையின் சாய்வுக்குப் பொருந்த வேண்டும். கழுந்தின் தலை சக்கின் தரையைத் தொடக் கூடாது, கழுந்தைச் சுற்றியுள்ள தோள்பகுதிதான் தாடைகளின்மேல் சப்பென்று உட்கார வேண்டும். டெயில்ஸ்டாக் குத்திய நடுப்புள்ளியை அழித்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

உட்பக்கம்

கிண்ணத்தைத் திருப்பிக் கழுந்தைச் சக்கில் இறுக்குங்கள். குடையுமுன் ஆழத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. வாய் விளிம்பிலிருந்து கழுந்தின் தோள்வரை அளந்தால் 65 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். அடிக்கு 10 மி.மீ. விட்டால் மீதி 55. அதிலும் கடைசிச் சீவலுக்கு 2 விட்டு, 53 மி.மீ. ஆழத்துக்கு நடுவில் துளை போடுங்கள். துளை மறைகிற இடம்தான் எல்லை. என் முதல் கிண்ணத்தில் கழுந்தையும் சேர்த்து உயரத்தைக் கணக்கிட்டுவிட்டேன். கழுந்தை எடுக்கும்போது அடியில் சிறு ஓட்டை விழுந்தது. வெளிச்சம் அதன் வழியே வந்ததைப் பார்த்த மனவருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

உட்பக்கம் திசை மாறும். வாய் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள். முதலில் நடுவில் சிறு குழி, பிறகு அதைச் சுற்றிச் சுற்றி அகலப்படுத்துங்கள். விளிம்பில் நுழையும்போது உளி வழுக்கி வெளியே ஓடப் பார்க்கும். உளிக்குழியின் வாயை நடுப்பக்கம் முழுதாகச் சாய்த்து, மெதுவாக உள்ளே விடுங்கள். சரிவு உரச ஒரு தடம் கிடைத்தபின் சற்றுத் திறக்கலாம்.

மொத்தமாகக் குடைந்துவிட்டுப் பிறகு சுவரை மெலிதாக்கலாம் என்று நினைக்காதீர்கள். நடுவில் மரம் நிறைய இருக்கும்போதுதான் சுவர் அசையாமல் நிற்கும். எனவே விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் வரை 8 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிடுங்கள். பிறகு அடுத்த அங்குலம், அதன்பின் அதற்குக் கீழே. கீழே போனபிறகு மேலே திரும்பி வர வேண்டாம். உள்ளே காலியானதும் சுவர் அதிரத் தொடங்கும், உளி தொட்டால் கீச்சென்று கத்தி வரிவரியாகத் தடம் விழும். லேத்தை நிறுத்தி, கனம் அளக்கும் கருவியான காலிப்பரால் அளந்துகொண்டே போங்கள். விரலாலும் பாருங்கள், கட்டைவிரல் உள்ளே, ஆள்காட்டி விரல் வெளியே வைத்து விளிம்பிலிருந்து அடிவரை வழித்தால் எங்கே தடிப்பு இருக்கிறது என்று பிடிபட்டுவிடும்.

கடைசிச் சீவலுக்கு முன் சாணை பிடித்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள சிறு மேடுகளுக்கு ஸ்க்ரேப்பர் எடுக்கலாம். அதன் கைப்பிடி சற்று உயர்ந்தும் முனை தாழ்ந்தும் இருக்க வேண்டும்.

தேய்ப்பு

லேத்தை நிறுத்திவிட்டு, முதலில் சொன்ன இரண்டு இடங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நார் பிய்ந்திருந்தால் நிழல் விழுந்த சொரசொரப்பாகத் தெரியும். அங்கே எண்ணெய் தொட்டு நாரைப் பதமாக்கி, கூரான உளியால் மெலிதாக ஒரு சீவல் எடுங்கள். உப்புத்தாளால் மட்டும் சரிக்கட்டப் பார்த்தால், மற்ற இடம் மிருதுவாக இருப்பதால் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் கெடும்.

120 நம்பரில் தொடங்கி 180, 240, 320, 400 என்று போங்கள். நம்பர் தாண்டக் கூடாது, 120 போட்ட கீறலை 320 எடுக்காது. வேகத்தைக் குறைத்து, தாளை அழுத்தாமல் பிடியுங்கள். விரல் சுட்டால் மரமும் சுடுகிறது, சூட்டில் நுண்வெடிப்பு விழும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் தூசியைத் துடைத்து, லேத்தை நிறுத்திய நிலையில் நாரோட்டத்தோடு கையால் நாலு இழுப்பு இழுங்கள்.

அடியைச் சீராக்குதல்

பழைய மரத்துண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து உருட்டையாகக் கடைந்து, மேலே மெத்தென்ற துணி ஒட்டுங்கள். கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து, நாம் காப்பாற்றி வைத்த நடுப்புள்ளியில் டெயில்ஸ்டாக்கை முட்டுங்கள். கழுந்தைச் சிறிது சிறிதாக எடுத்து, அடி லேசாக உள்வாங்கும்படி குழிக்க வேண்டும், அப்போதுதான் கிண்ணம் ஆடாமல் நிற்கும். நடுவில் மிஞ்சும் குமிழைக் கைஉளியால் செதுக்கித் தேய்த்துவிடுங்கள்.

எண்ணெய்

உணவு வைக்கிற கிண்ணம் என்றால் டங் எண்ணெய் அல்லது ஆளிவிதை எண்ணெய் என் விருப்பம். இரண்டும் காற்றுப்பட்டு இறுகும். மினரல் ஆயில் இறுகாது, அடிக்கடி பூச வேண்டும். வால்நட் எண்ணெயும் இறுகும், ஆனால் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டுக்கு வேண்டாம். தாராளமாகப் பூசி, இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு தங்கிவிடும். ஒரு நாளாவது காயவிட்டு அடுத்த பூச்சு. மூன்று நான்கு பூச்சு போதும், அதன்பின் இறுக இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இறுகும்போது எழும் சூடு உள்ளேயே அடைபட்டுத் துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

கிண்ணத்தைத் தண்ணீரில் ஊறவிடாமல் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். புழங்கப் புழங்க எண்ணெய் வற்றுவது அந்த இரண்டு வெட்டுமுக இடங்களில் முதலில் தெரியும். நிறம் வெளுத்து உலர்ந்து காணும்போது ஒரு பூச்சு போடுங்கள்.