பூவுக்குப் பின்னால் புழு நெளிகிறதா? படத்தை ஓவியமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் எடுக்கும் பூப்படங்களில் பல நேரம் பாதி இடத்தை மூடுபனியே பிடித்துக்கொள்ளும். அந்தப் படத்தை அப்படியே போட்டோஷொப்பில், படத்தை எண்ணெய் வண்ண ஓவியம்போல் மாற்றும் ஆயில் பெயின்ட் பில்டருக்குள் தள்ளினால் பூ ஓரளவு நன்றாக வரும். பின்னாலுள்ள பனியில் மட்டும் மண்புழு நெளிவதுபோல் கோடுகள் ஓடும். அந்த பில்டர் படத்திலுள்ள ஓரங்களைப் பின்பற்றித்தான் தீற்றல் (பிரஷ் தடம்) போடுகிறது. இதழுக்கு ஓரம் உண்டு, பனிக்கு இல்லை. ஓரம் கிடைக்காத இடத்தில், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கெமராப் புள்ளிகளையும் ஜேபெக் சுருக்கத்தின் கட்டங்களையும் ஓரமென்று எடுத்துக்கொண்டு அவற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கிறது.

ஆகவே முழுப் படத்துக்கும் ஒரே பில்டர் போடாதீர்கள். படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேயராக (அடுக்காக) ஆக்குங்கள். மேல் லேயரில் பூ மாத்திரம் தெரியும்படி மற்றதை மறைத்து (மாஸ்க் செய்து) பில்டரைப் போடுங்கள். அந்த பில்டரிலேயே உள்ள லைட்டிங் தெரிவை அணைத்துவிடுங்கள். பூவுக்குப் பிளாஸ்டிக் பளபளப்பைத் தருவது பெரும்பாலும் அதுதான். கீழ் லேயரில் பின்னணியை மங்கலாக்கலாம். 4000 பிக்சல் அகலப் படத்துக்கு 15 முதல் 20 பிக்சல் போதும். ஆனால் மங்கலாக்குவதற்கு முன், அந்த லேயரில் இருக்கும் பூவை, ஓரிடத்தை இன்னோரிடத்தில் நகலெடுக்கும் குளோன் கருவியால் பக்கத்துப் பச்சையைக் கொண்டு மூடிவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது பூவின் நிறம் பனிக்குள் கசிந்து, பூவைச் சுற்றிச் சாயம்போன ஒளிவட்டம் ஒன்று நிற்கும். பிறகு எத்தனை தீற்றல் போட்டாலும் அது மறையாது.

அளவை முதலில் முடிவு செய்யாததும் வேலையை வீணாக்கும். பில்டரின் அளவுகளும் பிரஷின் அளவும் பிக்சல் கணக்கில் இயங்குகின்றன. 1000 பிக்சல் படத்தில் அழகாக விழுந்த தீற்றல், அதே அளவில் 4000 பிக்சல் படத்தில் நாலில் ஒரு பங்காகச் சிறுத்து, வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். ஏ4 தாளில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சடிக்க 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வேலையை அந்த அளவிலேயே தொடங்குங்கள். படத்தை வட்ஸ்அப்பில் வாங்குவதானால், சாதாரணப் படமாக வந்தால் சுருங்கிவிடும். டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பில்டருக்கு முன்னால், கெமராவிலேயே நடக்கும் தவறுக்கு நல்ல உதாரணம் சிவப்பு டேலியா. சுற்றியுள்ள கரும்பச்சை இலைகளையும் சேர்த்து அளக்கும் கெமரா ஒளியைக் கூட்டிவிடுகிறது. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். சிவப்பு 255இல் முட்டியதும் இதழுக்கு இதழ் இருந்த நிழல் வித்தியாசம் அழிந்து, பூ ஒரே செந்திட்டாகிவிடும். அங்கே பிரஷ் பிடித்துக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது. மொத்த ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பத்திரமாகத் தெரிந்தாலும் சிவப்பு நிறத்தின் வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். ஒளியை 0.7 முதல் 1 ஸ்டொப் வரை (1 ஸ்டொப் என்றால் பாதி ஒளி) குறைத்து எடுங்கள். ஃபோனில் பூவின்மேல் விரலை வைத்து, ஒளி கூட்டிக் குறைக்கும் அடையாளத்தைக் கீழே இழுத்தால் போதும். மலைநாட்டில் மப்புக்குப் பஞ்சமில்லை. வெயில் விழுந்த பூவைவிட மப்பில் எடுத்த பூவே ஓவியத்துக்கு நன்றாக இசையும். ஃபோனின் போர்ட்ரெய்ட் முறையை மட்டும் தொடாதீர்கள். அது மகரந்தக் காம்புகளை வெட்டி, ஓரங்களைக் கத்தரிக்கோல் போட்டதுபோல் ஆக்கிவிடும்.

நீல ஹைட்ரேஞ்சியா வேறு மாதிரி. தேயிலை வளரும் அமில மண்ணில் அலுமினியம் எளிதாகக் கிடைப்பதால் அது இங்கே நீலமாகப் பூக்கிறது. ஆனால் பல கெமராக்கள் அந்த நீலத்தை ஊதாப் பக்கம் சாய்த்துவிடும். முழுப் படத்தின் வெள்ளைச் சமநிலையை மாற்றினால் இலைகள் கெடும். நீலம், ஊதா இரண்டின் சாயலை மட்டும் திருத்துங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் அதன் உருவம். நாம் இதழ் என்று பார்ப்பது உண்மையில் புல்லி இதழ். பெரும்பாலும் நான்கு நான்காக, நூற்றுக்கணக்கில் நெருங்கியிருக்கும். பில்டரை விட்டு, கையாலேயே பிரஷ் கொண்டு அத்தனையையும் ஒவ்வொன்றாக வரைந்தால் கொத்து கோலிஃப்ளவர் ஆகிவிடும். முதலில் அதை ஒரு பந்தாக நினையுங்கள். 300 பிக்சல் பிரஷால் வெளிச்சப் பக்கம், நடு நிறம், நிழல் என்று மூன்றே திட்டுகள் போடுங்கள். பிறகு 80 பிக்சலில் கூட்டங்களைப் பிரியுங்கள். கடைசியாக 20 பிக்சலில், வெளிச்சம் நிழலைத் தொடும் இடத்தில் ஐந்தாறு பூக்களை மட்டும் முழுமையாக முடியுங்கள். மற்றவற்றைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளிலும் இது முடியும்.

தீற்றலின் திசை இதழின் நரம்போடு, அடியிலிருந்து நுனிக்குப் போக வேண்டும். குறுக்கே இழுத்தால் இதழ் தட்டையாகிவிடும். பின்னணியில் ஒரு பக்கமாவது பூவின் ஓரத்தைப் பனியோடு கரைய விடுங்கள். சுற்றிலும் கூரான ஓரம் இருந்தால் ஒட்டுப்படம் போலிருக்கும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். பச்சைக்குக் கருநீலமோ செம்பழுப்போ கலந்து இருட்டாக்குங்கள். நிறச்செறிவை ஏற்றும் ஆசையையும் அடக்குங்கள். பனியின் சாம்பல் பக்கத்தில் இருந்தாலே சிவப்பு பேசும்.

கென்வஸில் அச்சடிப்பதானால் படத்தில் கென்வஸ் நெசவை மறுபடியும் சேர்க்காதீர்கள். இரண்டு நெசவும் மோதி வரிவரியாகத் தெரியலாம். முழு அச்சுக்குக் காசு கட்டுமுன், பூவின் நடுப்பகுதியை 4க்கு 6 அங்குலத்தில், அதே பிக்சல் அடர்த்தியில் வெட்டி ஒரு மாதிரி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையைவிட இருட்டாக வந்திருந்தால் நடு நிறங்களைக் கொஞ்சம் ஏற்றி இன்னொரு மாதிரி எடுங்கள்.