வெறுப்பலையை ஆழ்மன உளவியலால் வாசிப்பது எப்படி?

"சமூகமே நோயுற்றிருக்கிறது" என்று தொடங்காதீர்கள், எங்கும் போய்ச் சேராது. ஒரே ஒரு வெறுப்பலையை எடுங்கள். குடியேறிகள் மீது ஒரு வாரம் கொதித்த கோபம் போதும்.

வசைகளை அப்படியே எழுதுங்கள்: அழுக்கு, சோம்பல், பேராசை. நான் தாளை இரண்டாக மடித்து இவற்றை இடப்பக்கம் எழுதுவேன். வலப்பக்கத்தில், வசைபாடும் கூட்டம் தன்னைப் பற்றிச் சொல்லும் பெருமைகள். 'நாங்கள் உழைப்பாளிகள்' என்பவர்கள்தான் பெரும்பாலும் சோம்பலை ஏசுகிறார்கள். ஓய்வெடுக்கத் தமக்கே அனுமதி தராதவர்கள் அவர்கள். தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ளாத இந்தப் பகுதியைத்தான் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 'நிழல்' என்றார். அது பிறர் முகத்தில்தான் தெரியும்.

குற்றச்சாட்டில் உண்மை எவ்வளவு என்றும் பாருங்கள். குறை நிஜமாகவே இருக்கலாம். ஆத்திரத்தின் அளவு அதற்குப் பொருந்துகிறதா?

இங்கே நிதானம் வேண்டும். 1936-ல் யுங், நாஜி எழுச்சியை வோட்டான் என்ற பழைய ஜெர்மானியக் கடவுளின் விழிப்பாக விளக்கினார். கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் வேலையின்மையும் கட்சி அமைப்பும் அதில் மங்கிவிடுகின்றன. எனவே கூலி, வாடகை, சட்டம் ஆகியவற்றைத் தாளின் அடியில் எழுதிய பிறகே நிழலைப் பற்றிப் பேசுங்கள். தனிமனிதர் எவருக்கும் நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம்.

அடுத்து உங்கள் தரப்புக்கும் ஒரு தாள் போடுங்கள். இதை நான் இரவில் வைத்துக்கொள்வதில்லை, தூக்கம் போய்விடுகிறது.