பழைய செடி விளக்கு: பழுது பார்க்கலாமா, பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா?

வேலூர் வெயிலில் குடியிருந்துகொண்டு செடிக்கு விளக்கு போடுகிறாயே என்று வீட்டில் கிண்டல் இன்னும் ஓயவில்லை. அந்த வெயிலால்தான் போடுகிறேன். மொட்டை மாடியில் விட்ட இலவம்பாடி முள்ளு கத்திரி நாற்று இரண்டு சித்திரையிலும் கருகியது. அப்புறம்தான் உள்ளறை அலமாரியில் எல்.இ.டி. பேனல் மாட்டினேன். நான்கு வருடம் ஓடிய இரண்டு பேனல்களும் போன மாதம் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. ஒன்றைச் சரி செய்தேன், ஒன்றைக் கழித்தேன்.

1. பிளக்கைப் பிடுங்குங்கள், உடனே கை வைக்காதீர்கள். டிரைவரில், அதாவது வீட்டுக் கரண்ட்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதியில், இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஐந்து நிமிடம் ஆகிவிட்டதே என்று நான் தொட்டேன், முழங்கை வரை இழுத்தது. குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டி, கெபாசிட்டரின் இரு கால்களிலும் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்த பிறகே தொடுங்கள்.

2. கண்ணால் பாருங்கள். கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் சந்தோஷப்படுங்கள், இருப்பதிலேயே மலிவான பழுது அதுதான். அதன்மேல் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோபாரட் (கொள்ளளவு), அதே வோல்ட் அல்லது சற்றுக் கூடுதல், 105 டிகிரி தாங்குவது என்று கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி ரகம் நம் ஊருக்கு ஆகாது. சூடு 10 டிகிரி கூடினால் இந்தக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும். போர்டில் வெளிச்சம் தரும் சின்ன எல்.இ.டி. சிப்பின் நடுவில் கரும்புள்ளி இருந்தால் அது செத்தது. போர்டு முழுக்கப் பழுப்பேறி, லென்ஸும் மஞ்சளித்திருந்தால் மேலே படிக்காமல் கழித்துவிடலாம்.

3. சிப் சோதனை. நான் ஏமாந்த இடம் இது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டால் நல்ல சிப் மங்கலாக எரியும் என்பார்கள். தொட்டேன். ஐம்பதில் ஒன்றுகூட எரியவில்லை. எல்லாம் போச்சு என்று பேனலைப் பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: அந்தச் சிப் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு எல்.இ.டி. தொடராக இருக்கிறது. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் சுமார் 3 வோல்ட் என்றால், இரட்டைச் சிப்புக்கு 4, 6 என்று ஆகிறது. சாதாரண மீட்டர் அவ்வளவு தராது.

9 வோல்ட் பேட்டரியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்துத் தொடுங்கள். எரியாவிட்டால் முனை மாற்றித் தொடுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் தொட்டால் நல்ல சிப்பும் போய்விடும். என் பேனலில் 48 எரிந்தன, 2 எரியவில்லை. திருவிழா சீரியல் செட் மாதிரிதான், ஒன்று அறுந்தால் வரிசையே இருட்டு.

4. சிப் மாற்றுவது. செத்த சிப்புக்குக் குறுக்கே ஒயர் வைத்துப் பற்றவைக்கும் குறுக்குவழி, போர்டில் ஒரே வரிசை இருந்தால் மட்டும் சரி. பல வரிசைகள் பக்கம் பக்கமாக இணைந்திருந்தால் அந்த வரிசை கூடுதல் கரண்ட்டை இழுத்து அதுவும் போகும். அலுமினியப் போர்டு சூட்டை உறிஞ்சிவிடுவதால் 25 வாட் சால்டரிங் அயனில் ஈயம் உருகவே உருகாது. பழைய இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் போர்டை வைத்துச் சூடேற்றினேன். இரண்டு நிமிடத்தில் சிப் இடுக்கியோடு வந்துவிட்டது. ஹாட் ஏர் கருவி வாங்கச் சொல்பவர்கள் சொல்லட்டும்.

5. டிரைவர் போயிருந்தால் புதியதன் ஆம்பியர் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். வோல்ட் எல்லைக்குள் போர்டின் வோல்ட் விழ வேண்டும். ஆம்பியர் கூடினால் நன்றாக எரியும், சீக்கிரம் எரிந்தும் போகும்.

6. கணக்கு. இரண்டாவது பேனலில் 600 வாட் என்று அச்சிட்டிருந்தது. வாட் மீட்டர் காட்டியது 110. தினம் 14 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 92 யூனிட். பழைய ஊதா பேனல்கள் ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 1 முதல் 1.5 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம்தான் தரும். இன்றைய நல்ல வெள்ளைப் போர்டுகள் 2.5ஐத் தாண்டுகின்றன. அதே வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்டப் பாதி கரண்ட் போதும். அதனால் கெபாசிட்டர், ஃபேன், ஒன்றிரண்டு சிப் என்றால் பழுது பார்க்கிறேன். டிரைவரும் சிப்புகளும் சேர்ந்து போனால் கழிக்கிறேன். ஃபேனையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கை அலுமினிய எடைக்குப் போட்டேன். போர்டும் டிரைவரும் மின்கழிவு எடுப்பவர்களிடம் போகட்டும், குப்பை வண்டியில் வேண்டாம்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டார். பத்து நிமிடம் எரிந்து அணைகிறதாம், ஆறினால் மறுபடி எரிகிறதாம், 9 வோல்ட் சோதனையில் எல்லா சிப்பும் நல்லதாம். சிப்புக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விலகி, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரை இறக்கி, போர்டு ஆறுவதற்குள் சோதிக்கச் சொன்னேன். ஓரத்திலிருந்து மூன்றாவது சிவப்பு மாட்டியது.