கிறிஸ்துமஸ் வாரப் பனிப்புயல்: கணிப்பு சறுக்கும் இடங்கள்

பத்து நாளுக்கு முன்பே ஒரு வரைபடம் வந்துவிடும். அமெரிக்கக் கிழக்குக் கரை முழுவதும் ஊதா பூசி, நியூயார்க்கின் மேல் 80 சென்டிமீட்டர் பனி என்று எழுதியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு விமான டிக்கெட் எடுத்து வைத்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆறு மணி நேரம் கழித்து, வானிலையைக் கணக்கிட்டு அந்த வரைபடத்தைத் தந்த அதே கணினி மாதிரி மறுபடி ஓடும்போது புயல் நடுக்கடலுக்குப் போயிருக்கும். நவம்பரில் வங்கக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சென்னை வானிலை ஆர்வலர்களுக்கு இந்தக் கண்ணாமூச்சி பழகியதுதான். அங்கும் இங்கும் ஓடுவது அதே அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகள்.

அந்த ஊதா வரைபடம் ஒரே ஓர் ஓட்டத்தின் விளைவு. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம், கணக்கு தொடங்கும் வளிமண்டல நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஐம்பது முறை தனித்தனியாக ஓட்டிப் பார்க்கிறது. அந்த ஐம்பதில் எத்தனை நியூயார்க்கைத் தொடுகின்றன என்று எண்ணுவதுதான் ஐந்தாறு நாளுக்கு முன்பு செய்யத்தக்க வேலை. அதற்கு மேல் சென்டிமீட்டர் சொல்வது ஜோசியம்.

இதைக் கற்றுக்கொண்டவர்கள், புயலே வராது என்று எதிர்ப்பக்கம் போய் விழுவதும் உண்டு. என் கணக்கில் அதுவே பெரிய தவறு. 2010 டிசம்பரில் மாதிரிகள் முதலில் கிழக்குக் கரைக்குப் பெரும்புயல் என்றன. பிறகு கடலோடு போய்விடும் என்று மாற்றிக்கொண்டன. எல்லாரும் நிம்மதியாக விடுமுறைக்குக் கிளம்பியபோது, 24ஆம் தேதி வந்த ஓட்டங்கள் புயலை மறுபடி கரைக்கு இழுத்துவந்தன. கணிப்பாளர்கள் சிலர் தொடக்கத் தரவில் பிழை இருக்கிறது என்று அந்த மாற்றத்தைச் சந்தேகித்தார்கள். 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 51 சென்டிமீட்டர் பனி குவிந்தது. மாதிரி தடுமாறும்போது சந்தேகப்படுவது சரி. ஆனால் விடுமுறையைக் கெடுக்காத ஓட்டம் வந்தபோது அதே சந்தேகம் எங்கே போயிருந்தது?

பனியின் அளவுக்கு வருவோம். பொதுமக்கள் பார்க்கும் வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு நீருக்குப் பத்துப் பங்கு பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகின்றன. உறைநிலையை ஒட்டி விழும் ஈரப் பனி சில சமயம் ஒன்றுக்கு ஐந்து கூட வராது. கடுங்குளிரில் விழும் மாவுப் பனி ஒன்றுக்கு இருபதைத் தொடும். இதில் இன்னொரு கூத்து: சில வரைபடங்கள் தரைக்கு வரும் வழியில் உருகி மறுபடி உறைந்த பனிமணிகளையும் பனியோடு சேர்த்துக் கூட்டிவிடுகின்றன. ஆகவே முதலில் நீரின் அளவைப் பாருங்கள். பிறகு தரையிலிருந்து மேல்நோக்கி வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கடைசியில்தான் ஆழம்.

ஆழம் சரியாக வந்தாலும் இடம் தவறலாம். 2015 ஜனவரியில் நியூயார்க்கில் 50 முதல் 75 சென்டிமீட்டர் வரை என்று சொல்லி, பனிக்காக வரலாற்றில் முதல் முறையாகச் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 25. நூறு கிலோமீட்டருக்குள் கிழக்கே, லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 60க்கு மேல். புயல் வந்தது, சொன்ன பலத்தோடு வந்தது, அதன் மேற்கு விளிம்பு மட்டும் நகர்ந்துவிட்டது. விளிம்பில் இருக்கும் ஊருக்கு ஒற்றை எண்ணைச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, அதிகமானால் இவ்வளவு என்று சொல்லியிருந்தால் மறுநாள் அத்தனை ஏச்சு கிடைத்திருக்காது.

குளிரலையில் தவறு வேறு விதம். 2022 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் விமான நிலையத்தில் ஒரே மணி நேரத்தில் வெப்பநிலை சுமார் 5 டிகிரியிலிருந்து மைனஸ் 15க்கு இறங்கியது. இப்படிப்பட்ட நாளுக்கு ‘அதிகபட்சம் 5 டிகிரி’ என்ற அறிவிப்பு பொய்யல்ல, ஆனால் அதை நம்பி மெல்லிய ஜாக்கெட்டோடு வெளியே போனவருக்குப் பயனும் இல்லை. மணிவாரியாகப் பார்க்க வேண்டும். குளிர் முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு, மழையோடு வந்தால் சாலை காய்வதற்குள் உறைந்துவிடும். மைனஸ் 10க்குக் கீழே பனியை உருக்கச் சாலையில் சாதாரண உப்பைக் கொட்டியும் பெரிதாகப் பலன் இராது.

காற்றுக் குளிர் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று வீசினால் உடலுக்கு மைனஸ் 29 போல உறைக்கும். அது தோலுக்கான கணக்கு. தண்ணீர்க் குழாயும் கார் எஞ்சினும் காற்றில் சீக்கிரம் குளிருமே தவிர, மைனஸ் 15க்குக் கீழே போகா. பரபரப்புக்காக மைனஸ் 29ஐ மட்டும் தலைப்பில் போடுவது எரிச்சலூட்டும் பழக்கம்.

அதே 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் மின்சாரத் துறையும் கணிப்பில் சறுக்கியது. வானிலைக்காரர்களை மட்டும் திட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் 23 விடுமுறையை ஒட்டிய வெள்ளிக்கிழமை. கடைசி நேர வேலைகளை முடித்துவிட்டு அலுவலகங்கள் மூடும் நாள், மின்தேவை குறையும் என்பதே பழைய ஆண்டுகளின் பாடம். ஆனால் பழைய ஆண்டுகளில் இவ்வளவு வேகமாக இறங்கிய குளிர் இல்லை. நடு அட்லாண்டிக் மாநிலங்களின் மின்கட்டமைப்பில் அன்றைய உச்சத் தேவை கணித்ததைவிட ஒன்பதாயிரம் மெகாவாட் போலக் கூடியது. எரிவாயு வரத்துக் குறைந்தும் கருவிகள் உறைந்தும் மின்நிலையங்கள் வேறு கைவிட்டன. தென்கிழக்கு மாநிலங்களுக்கு மின்சாரம் தரும் அரசு நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றில் முதல் முறையாகச் சுழற்சி மின்வெட்டைக் கொண்டுவந்தது. விடுமுறை நாளின் சராசரியை விதிவிலக்கான வானிலையோடு கலந்தால் வரும் வினை இது.

அதே வாரம் புயலில் சிக்கிய பஃபலோவை, நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் நகரத்தை, விட்டுவிட முடியாது. அங்கே கணிப்பு தவறவில்லை. ஈரி ஏரி இன்னும் உறையாமல் திறந்து கிடந்ததையும், அதன் மேல் மேற்கிலிருந்து வரும் கடுங்காற்றையும் வைத்து, தலைமுறைக்கு ஒரு முறை வரும் புயல் என்று தேசிய வானிலை சேவை நாள்கணக்கில் முன்னதாகவே எச்சரித்திருந்தது. மணிக்கு 56 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டருக்கும் குறைந்த பார்வைத் தூரம், இரண்டும் மூன்று மணி நேரம் நீடித்தால் ‘பிளிசர்ட்’ என்பது அங்குள்ள வரையறை. பஃபலோ விமான நிலையத்தில் அது 37 மணி நேரம் நீடித்தது. புயல் முடிவதற்குள் 130 சென்டிமீட்டர் பனி. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், காருக்குள்ளும் தெருவிலும் மின்சாரமற்ற வீடுகளுக்குள்ளும்.

மக்கள் நினைவில் நின்றது அந்த 130. ஆனால் ஆளைக் கொன்றது காற்றும், எதிரில் நிற்பவரைக்கூட மறைத்த வெண்மையும், அவை தொடங்கிய நேரமும். வாகனத் தடை வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நடைமுறைக்கு வந்தது. பலர் அதற்குள் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.